கத்திரி வெயிலுக்கு என்ன உடுத்துவது?

பிப்ரவரி பிறந்ததும் பத்திரிகைகளின் ஃபேஷன் பக்கங்களில் வசந்தம் வந்துவிடுகிறது. இளரோஜா நிறத்தில் மெல்லிய கோட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு ஸ்கார்ஃப், கணுக்காலை மூடிய ஷூ. ஐரோப்பாவுக்கு அது நியாயமான உடைதான். பாரிசிலும் மிலானிலும் வசந்தத்துக்கும் கோடைக்குமான உடைகளை முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே மேடையேற்றிக் காட்டிவிடுவார்கள். அங்கே வசந்தம் என்றால் பனி விலகியும் காலைக் குளிர் போகாத பருவம்; கோட்டு வேண்டும். அதே பக்கத்தை மதுரையில் பங்குனி மத்தியானத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து புரட்டினால், படத்தைப் பார்க்கும்போதே கழுத்தில் வேர்க்கிறது.

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இளவேனிலுக்குள்ளேயே மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை நின்று காய்கிறது. அந்த நாட்களில் மதுரையில் 40 டிகிரி செல்சியஸ் என்பது செய்தியே அல்ல. ஆகவே இந்த ஊருக்கு வசந்த உடை, கோடை உடை என்ற பிரிவினை பொருந்தாது. வெயிலுக்கு ஓர் உடை, வெயிலோடு காற்றும் சேர்ந்துகொண்ட பிறகு வேறோர் உடை என்று பிரித்தால் சரியாக இருக்கும். இதற்கு வேண்டிய துணியெல்லாம் மதுரையிலும் பக்கத்து ஊர்களிலும் காலங்காலமாக நெய்யப்பட்டும் சாயமிடப்பட்டும் வருகிறது. நாம்தான் அதைத் தாண்டிப் போய் வேறெதையோ வாங்கிக்கொண்டு வந்து அவதிப்படுகிறோம்.

இதில் பெரும் குற்றவாளி கடையின் ஏ.சி. என்பது என் கட்சி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளுக்குக் கண்ணாடிக் கதவு வராத காலத்தில், வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே வெக்கையில் நின்றார்கள். அந்தப் புழுக்கத்தில் ஒரு நைலான் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தால் வேண்டாம் என்று உடம்பே சொல்லிவிடும். இப்போது உள்ளே நுழைந்ததும் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிரில் ஜார்ஜெட் வழவழப்பாக இருக்கிறது, சாட்டின் மினுங்குகிறது, வலைத்துணி வைத்துத் தைத்த கை அழகாகத் தெரிகிறது. பில் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தெற்கு மாசி வீதியில் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது ஞாபகம் வருகிறது.

அதனால் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசல் வரை வந்து பார்க்க வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். “வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும்” என்று சொன்னால் போதும், பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. நிறத்தையும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வந்த வேலை வேறு. துணியை ஒற்றையாக விரித்துச் சூரியனுக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே வெளிச்சம் ஊசிமுனை ஊசிமுனையாகத் தெரிய வேண்டும். வாயருகே பிடித்து ஊதினால் மூச்சு மறுபக்கம் இருக்கும் உள்ளங்கையில் பட வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத துணியில் எத்தனை பூப்போட்டிருந்தாலும் சித்திரைக்கு ஆகாது. தூய பருத்திதானா என்ற சந்தேகம் வீட்டுக்கு வந்த பிறகும் தீரவில்லையென்றால், ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதைப் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் எடுத்துக்கொள்வது அரை சதவீதம்கூட இல்லை. வேர்வையை வாங்கிக்கொள்ள மனமில்லாத துணி அதைத் தோலிலேயே விட்டுவைக்கிறது. பருத்தி வாங்கிக்கொள்கிறது, பிறகு மெதுவாகக் காயவிடுகிறது. இந்த இரண்டாவது பாதி எல்லா ஊரிலும் ஒழுங்காக நடப்பதில்லை. சென்னையில் கடற்காற்றின் ஈரத்தில், உடம்போடு இருக்கும் பருத்தி நனைந்தது நனைந்தபடியே கிடக்கும். மதுரையில் மே மாத மத்தியானக் காற்று அதைவிட வறண்டது. காலையில் துவைத்து மாடியில் போட்ட சேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மொடமொடவென்று காய்ந்துவிடும். சேலைக்குக் கொடியில் நடப்பதுதான் உடம்பின்மேலும் நடக்கிறது. காயும்போது வெப்பத்தைக் கொண்டுபோகிறது, நமக்குக் குளிர்கிறது. பருத்திக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது.

நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உலகத்துக்கு ஆண்டுக்கொரு நிறத்தை அறிவிக்கும் வேலையை அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து செய்துவருகிறது. மதுரைக்கு அந்த அறிவிப்பு தேவைப்படவில்லை. சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன், தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் பட்டர் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு, பார்க்காமலே ஒரு பட்டுத்துணியை எடுக்கிறார். கைக்கு எது அகப்படுகிறதோ அதை உடுத்திக்கொண்டுதான் கள்ளழகர் குதிரை வாகனத்தில் வைகைக்கு வருகிறார். பச்சை வந்தால் மழை பெய்து வயல் விளையும் என்றும், சிவப்பு வந்தால் அந்த ஆண்டு சண்டை சச்சரவு என்றும் ஊரில் ஒரு நம்பிக்கை. அன்று காலையில் மதுரையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி “என்ன பட்டு?” என்பதுதான். பச்சை என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். எந்த ஃபேஷன் தலைநகரிலும் ஒரு நிறத்துக்காகக் காய்கறிக்காரரும் கலெக்டரும் சேர்ந்து காத்திருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே திருவிழாவில் வெயிலுக்கு நேர் எதிரான உடையையும் பார்க்கலாம். அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கு வேண்டிக்கொண்டு வரும் பக்தர்கள் வெல்வெட்டிலும் சாட்டினிலும் ஜிகினா வைத்துத் தைத்த உடுப்பு, தலையில் உருமால், தோளில் ஆட்டுத்தோல் பை என்று வந்து நிற்பார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் தூண்களுக்கு நடுவில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு இந்த உடுப்புகளைத் தைத்தவர்கள் பல தலைமுறையாக இருந்தார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சித்திரையில் வெல்வெட்டா என்று மலைக்க வேண்டாம். அவர்கள் கையில் தண்ணீர் இருக்கிறது. முக்கால்வாசி நேரம் நனைந்துதான் நிற்கிறார்கள். அந்த வசதி இல்லாத நாம் அதே வெல்வெட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டு கூட்டத்தில் நுழைவதுதான் புரியவில்லை.

கூட்டத்தில் நுழைவதற்கு என்று ஒரு சேலை இந்த ஊரில் இருக்கிறது. சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் புள்ளி வைத்து, புள்ளி இருக்கும் இடத்தை விரல் நகத்தால் துளியாகக் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து பெண்கள் செய்த வேலை இது. முடிச்சுகளோடு துணியைச் சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்தபின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் அவிழ்ந்து, சாயம் ஏறாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். எந்த இரண்டு புள்ளியும் ஒரே அளவில் இருக்காது. சில வட்டம், சில சற்றே கோணல், சிலவற்றின் ஓரத்தில் சாயம் மெல்லக் கசிந்திருக்கும்.

முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடாக நிற்கிறது பாருங்கள், கோடைக்கு அதுதான் முக்கியம். அந்த மேடுகளால் சேலை தோலோடு முழுவதும் படிந்து ஒட்டுவதில்லை. இடையில் காற்று புகுந்து வருகிறது. இஸ்திரி போட்டு அழுத்தி அதைத் தட்டையாக்கிவிடாதீர்கள். உதறிக் காயவைத்து, மடித்து, தலையணைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும்.

இன்று கடைகளில் சுங்குடி என்று அடுக்கியிருப்பவற்றில் பெரும்பகுதி அச்சுப் போட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பருத்தியில் அச்சிட்ட சுங்குடி அன்றாடத்துக்கு அருமையான சேலை, விலையும் கைக்குள் அடங்கும். ஆனால் எது எது என்று தெரிந்து வாங்க வேண்டும். அச்சில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் அணிவகுத்து நிற்கும். பின்பக்கம் நிறம் வெளிறியிருக்கும். முடிச்சுப் போட்டதில் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கேட்டால் சொல்லியும்விடுவார்கள். “அண்ணே, இது முடிச்சா, அச்சா?” என்று கேட்டபோது, “அச்சுதான்மா. முடிச்சு வேண்டுமென்றால் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள், வந்ததும் எடுத்து வைக்கிறேன்” என்று நேராகச் சொன்ன கடைக்காரரிடம்தான் இன்றும் வாங்குகிறேன்.

சுங்குடி சாயம் விடும். அரக்குச் சிவப்பும் கருநீலமும் முதல் துவைப்பில் வாளித் தண்ணீரையே மாற்றிவிடும். கல்லுப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலச வேண்டும், நிழலில் காயப்போட வேண்டும் என்பாள் என் பெரியம்மா. வைகைத் தண்ணீரில் தோய்த்தால்தான் சாயத்துக்கு மெருகு ஏறும் என்பதும் அவள் பேச்சு. வைகையில் தோய்க்கும் அளவுக்குத் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டதால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

கறுப்பு, கருநீலம் எல்லாம் வெயிலுக்கு ஆகாது, வெள்ளைதான் கோடைக்கு என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மை. பாலைவனத்தில் பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்குகிறது. ஆனால் அங்கி தொளதொளவென்று இருப்பதால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டுவதற்கு முன்பே காற்றோடு போய்விடுகிறது. உடம்புக்கு வந்து சேரும் வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான் என்று கண்டார்கள். ஆக, தளர்வாக உடுத்தினால் கருநீலச் சுங்குடியைத் தாராளமாகக் கட்டலாம். உடம்பைப் பிடிக்கும் லெக்கின்ஸ் வெள்ளையாகவே இருந்தாலும் பயனில்லை.

சேலையை இவ்வளவு பார்த்து வாங்கிவிட்டு ரவிக்கையில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். வேர்வை அதிகம் சுரக்கும் அக்குளும் முதுகும் ரவிக்கையின் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்கே கலப்பு நூல் துணி, அதற்குள் லைனிங், அதற்குள் இன்னொரு உள்ளாடை என்று மூன்று அடுக்குப் போட்டுவிட்டு மேலே காற்றோட்டமான சேலை கட்டி என்ன பயன்? பழைய டூ பை டூ துணி இன்னும் கிடைக்கிறது. மெல்லிய பருத்தி, லைனிங் தேவைப்படாத அளவுக்கு நெருக்கமான நெசவு, எந்தச் சேலைக்கும் இணையான நிறம் கிடைக்கும். வாங்கியதும் ஒரு ராத்திரி நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள்; இல்லையென்றால் தைத்தபின் சுருங்கும். அக்குளில் அரை அங்குலம் தளர்வு கேளுங்கள். “பிடிப்பாக இருந்தால்தானே அழகு” என்று அவர் சொல்வார். அவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சொல்கிறார்.

உள்பாவாடையும் அப்படித்தான். சாட்டின் பாவாடைமேல் சேலை வழுக்கிக்கொண்டு அழகாக விழும் என்பது உண்மை. கால்களுக்கு நடுவே வெந்துபோகும் என்பதும் உண்மை. பருத்திப் பாவாடையே எடுங்கள். மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டினால் இடுப்பில் வேர்வை தங்கி, கறுத்து, அரிப்பெடுத்து, மாலையில் அவிழ்க்கும்போது கயிறு பதிந்த தடம் சிவந்து தெரியும். இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கச் சொன்னால் அழுத்தம் பரவிவிடும். கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

அடுத்தது நைட்டி. ஃபேஷன் பக்கங்களில் இதற்கு இடம் கிடையாது. வீதியில் பார்த்தால் முகம் சுளிப்பவர்களும் உண்டு. மதுரை வெயிலைச் சரியாகப் புரிந்துகொண்டு பிறந்த ஒரே நவீன உடை இதுதான் என்பேன். தோளிலிருந்து கணுக்கால் வரை எங்கும் பிடிக்காமல் தொங்குகிறது. கீழிருந்து புகுந்த காற்று மேலே போகிறது. பெடூயின் அங்கியின் தத்துவத்தை எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வாசலுக்குப் பால் வாங்கவோ தள்ளுவண்டிக் காய் பார்க்கவோ வரும்போது மட்டும் தோளில் ஒரு துண்டு ஏறும். அந்தத் துண்டுக்கு மானத்தை மறைக்கும் வேலையை யார் கொடுத்தார்களோ தெரியாது, ஆனால் முகம் துடைக்கவும் வெயிலுக்குத் தலையில் போடவும் அதுவே பயன்படுகிறது.

நைட்டி கட்டுக்கோப்பாக இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. நைந்த சுங்குடியோ, வாயில் (voile) எனப்படும் மெல்லிய பருத்திச் சேலையோ ஒன்றை எடுங்கள். பலமுறை துவைத்த பருத்தியின் மென்மைக்குப் புதுத்துணி எதுவும் ஈடாகாது. கிழிசலைத் தவிர்த்து வெட்டினால் கணுக்கால் வரை நீளும் ஓர் அங்கி வரும். கழுத்துக்கு வட்டம், முழங்கை வரை கை, இரண்டு பக்கமும் பை, சேலைக் கரையை அடிவிளிம்பில் வைத்துத் தையல். அதைப் போட்டுக்கொண்டு வங்கிக்கும் போகலாம், மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் திருச்சி பஸ்சுக்கும் நிற்கலாம். கடைகளில் இதே உடை ‘மேக்சி’ என்ற பெயரில் தொங்குகிறது. மிச்சத் துணியில் வீட்டுச் சிறுமிக்கு ஒரு பாவாடை தைத்துவிடலாம். சிறுமிகளைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: பிறந்தநாளுக்கு வாங்கும் வலைத்துணிக் கவுன்களைக் கோடையில் போட்டுவிட்டு, மறுநாள் வேர்க்குருவுக்குப் பவுடர் தேடாதீர்கள். அடைபட்ட வேர்வைத் துவாரத்துக்குப் பவுடர் மருந்தல்ல; காற்றோட்டம்தான் மருந்து.

வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவர்களின் கணக்கு வேறு. பத்து மணி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது மேலே சூரியன், கீழே தார்ச்சாலை, பக்கத்தில் பஸ்ஸின் எஞ்சின். இங்கே கையில்லாத உடையைவிட முழுக்கை மெல்லிய குர்தா குளிர்ச்சி, நேரடி வெயில் தோலில் படாது என்பதால். லெக்கின்ஸுக்குப் பதிலாக அகலமான பருத்திப் பேன்ட். ஆனால் அடிப்பகுதி மிக அகலமாக இருந்தால் வண்டியில் மாட்டும், கணுக்காலுக்கு மேலே நிற்கும் அளவு வைத்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டி நுனியைக் கழுத்துக்குப் பின்னால் செருகிவிட வேண்டும். தொங்கவிட்டால் சக்கரம் இழுத்துக்கொள்ளும். ரேயான் குர்தாக்கள் மலிவாகக் கிடைக்கின்றன, தொட்டால் சில்லென்றும் இருக்கின்றன. ஈரத்தைப் பருத்தியைவிட அதிகமாகக் குடிக்கும், அதுதான் தொல்லை. முதுகு முழுக்க நனைந்து, கனத்து, உடம்போடு ஒட்டிக்கொண்டு அலுவலகத்தில் இறங்குவீர்கள். நனைந்த ரேயானுக்கு வலுவும் குறைவு. முறுக்கிப் பிழிந்தால் விரைவில் நைந்துவிடும்.

வைகாசி முகூர்த்தங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பட்டைக் கட்டாதே என்று மதுரையில் சொல்லிவிட்டு நான் வீடு போய்ச் சேர முடியாது. பட்டு இழையின்மீது எனக்குப் புகாரும் இல்லை, அதுவும் ஈரத்தை வாங்கும். ஜரிகையின் கனமும் நெசவின் நெருக்கமும்தான் மூச்சு முட்ட வைக்கின்றன. விடியற்கால முகூர்த்தத்துக்கு காஞ்சிபுரம் கட்டிக்கொள்ளுங்கள். தாலி ஏறி, படம் எடுத்து முடிந்ததும் பந்திக்கு முன்னால் சில்க் காட்டனுக்கு மாறிவிடுங்கள். பரமக்குடி நெசவில் சிறு கரை வைத்தவை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். மணப்பெண்ணே மூன்று முறை உடை மாற்றுகிறாள், சித்தி ஒருமுறை மாற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. கழுத்தில் கனமான நகை வேண்டாம். வேர்வையில் கழுத்தை அறுக்கும். அதற்குப் பதில் பூ. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைச்சல் கூடுதல் கோடையில்தான், முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் விலை தணிந்திருக்கும். மார்கழியில் முழம் கேட்கவே பயந்த பூவை வைகாசியில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆண்களுக்குச் சொல்ல அதிகமில்லை. இந்த ஊரில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். அவர் வெயிலுக்காக மாறவில்லை, துணி வாங்க முடியாத ஏழைகளை எண்ணி மாறினார். அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. ஜீன்ஸைப் பெட்டியில் வைத்துவிட்டு நாலு முழ வேட்டியும் அரைக்கைச் சட்டையும் எடுத்தால் போதும். எட்டு முழம் மரியாதையாகத் தெரியும், இரட்டை மடிப்பில் சூடும் இரட்டிப்பு. சட்டைக்குள் பனியன் வேண்டுமா என்ற பழைய வழக்கில் நான் பனியன் பக்கம்: அக்குள் வேர்வையைச் சட்டைக்கு முன் அது வாங்கிக்கொள்ளும். கஞ்சியை மட்டும் குறையுங்கள். லேசான கஞ்சி துணியை உடம்பிலிருந்து விலக்கி நிறுத்தும், நல்லது. அட்டைபோல் நிற்கும் அரசியல்வாதிக் கஞ்சி இழைகளுக்கு நடுவிலுள்ள துவாரத்தையெல்லாம் அடைத்துவிடும்.

ஆனி பிறந்ததும் கதை மாறும். தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் கேரளப் பக்கம் இறக்கிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக வறண்டு வந்து தேனி, ஆண்டிபட்டியைத் தாண்டி நம்மேல் மண்ணை வாரி இறைக்கிறது. வெயில் குறைந்திருக்காது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது மல் என்னும் மெல்லிய பருத்திச் சேலை என்ன ஆகும்? முந்தானை ஒரு பக்கம், கொசுவம் ஒரு பக்கம். சித்திரையில் கொண்டாடிய மெல்லிய துணியெல்லாம் இப்போது எதிரி. நூலுக்கு நம்பர் உண்டு, நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். சித்திரைக்கு எண்பது, நூறாம் நம்பர் நூல் என்றால் ஆடிக்கு நாற்பது, அறுபது போதும். காரைக்குடிக் கண்டாங்கி இந்தக் காற்றுக்கு ஏற்ற சேலை. கனமான பருத்தி, பெரிய கட்டம், மஞ்சளும் செங்கல் சிவப்பும் கறுப்பும். 2019இல் அதுவும் புவிசார் குறியீடு பெற்றது. செட்டிநாட்டுப் பாட்டிமார்கள் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுவார்கள். புழுதியில் கரை புரளாது, நடை தடுக்காது. அந்தக் கட்டு இன்று பார்க்கவும் புதுமையாக இருக்கிறது, இளம்பெண்கள் செருப்புக்குப் பதில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அப்படிக் கட்டினால் நான் கைதட்டுவேன்.

ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி தொடங்கும். கூட்டம் பட்டுப் பக்கம் போகும். நீங்கள் பருத்தித் தளத்துக்குப் போங்கள். கோடைக்கென்று வாங்கி வைத்து விற்காமல் தங்கிய வாயில், மல், சுங்குடி எல்லாம் அப்போதுதான் விலை இறங்கும், அடுத்த சித்திரைக்கு இப்போதே எடுத்து வைத்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: பல மாதம் விளக்குக்கு அடியில் மடித்தபடி கிடந்த சேலை, மடிப்பு ஓரத்தில் வெளிறியிருக்கும், சிலவற்றில் மடிப்போடு இழையே நைந்திருக்கும். முந்தானையை மட்டும் விரித்துக் காட்டுவார்கள். மடிப்பெல்லாம் பிரித்து, தலைப்பு முதல் உள்தலைப்பு வரை மேஜைமேல் ஓடவிட்டுப் பாருங்கள். திரும்ப மடிக்க வேண்டுமே என்று விற்பனைப் பையன் முறைப்பான். முறைத்தால் முறைக்கட்டும், மடிக்க நீங்களும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.